கல்லீரல் புற்றுநோய் வந்தவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது, எப்போது?

12 ஜனவரி 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

என் கணவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று பத்து நாள்களுக்கு முன் உறுதியானது. மருத்துவமனையில் 40 பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்து, வீட்டில் நிதானமாகப் படிக்கச் சொன்னார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு இரவில் உறக்கமே இல்லை. நோயாளிக்கு நோயைப் பற்றி இவ்வளவு கற்பிப்பது மனத்துணிவைக் குலைக்கவே செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிய வேண்டியவை மருத்துவருக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ளும் எனக்கும் தெரிந்தால் போதாதா?

12 ஜனவரி 2024, மாலை

போதாது என்பதே என் பதில். ஆனாலும் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கல்லீரல் நோய்ப் பிரிவில் 16 ஆண்டுகள் செவிலியராக இருந்து, நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கம் சொல்வதையே முதன்மையான பணியாகச் செய்தவள் நான். பிறகு என் அண்ணனுக்கே அந்த நோய் வந்தது. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் அவரோடு இருந்து பார்த்துக்கொண்டேன். அந்தக் காலம் முடிந்தபோது, பணியில் இருந்தவரை நான் சொல்லிக்கொடுத்தவற்றில் பெரும்பகுதியை வேறு வரிசையில் சொல்லியிருக்க வேண்டும் என்று உணர்ந்தேன்.

கையேடுகள் கட்டியிலிருந்து தொடங்குகின்றன. கட்டியின் அளவு, கட்டியின் நிலை, கட்டிக்கான சிகிச்சை என்று போய், கடைசிச் சில பக்கங்களில்தான் கல்லீரலைப் பற்றிப் பேசுகின்றன. கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லீரல் தழும்பேறி இறுகியிருக்கும். சிரோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். எனவே அவருடைய உடலில் இருப்பவை இரண்டு நோய்கள். கட்டி ஒன்று, இறுகிய கல்லீரல் மற்றொன்று. அன்றாட வாழ்க்கையில் அவரைத் தொல்லைப்படுத்தப்போவதும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வைக்கப்போவதும் பெரும்பாலும் இரண்டாவது நோய்தான். எந்தச் சிகிச்சையை அவர் உடல் தாங்கும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இரத்தத்தில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, ஆல்புமின் என்ற புரதம், இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறதா என்பது, மனத்தெளிவு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் 'ஏ', 7 முதல் 9 வரை என்றால் 'பி', 10 முதல் 15 வரை என்றால் 'சி' என்று மருத்துவர்கள் வகைப்படுத்துவார்கள். சைல்ட்-பியூ மதிப்பீடு என்று அதற்குப் பெயர். 'ஏ' என்றால் கல்லீரலில் இன்னும் வலு இருக்கிறது, 'சி' என்றால் மிகவும் தளர்ந்துவிட்டது. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கும் குடும்பங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கல்லீரல் ஏ-யா, பி-யா என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கையேட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதல் வாரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது இந்த இரட்டை நிலையும், எந்தெந்த அறிகுறி தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதும் மட்டுமே.

13 ஜனவரி 2024, அதிகாலை

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, உங்கள் கேள்வியில் இருந்த ஒரு வரியை நான் கவனிக்காமல் கடந்துவிட்டது தெரிந்தது. அவருக்கு இரவில் உறக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் உறங்குகிறாரா? பேச்சு மெதுவாகிவிட்டதா? தெரிந்த பெயர்கள் மறக்கின்றனவா? கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொன்னால் கை படபடவென்று தாழ்ந்து எழுகிறதா? எத்தனை நாளாக மலம் கழிக்கவில்லை?

இவற்றில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால், அது அச்சத்தால் வந்த தூக்கமின்மையாக இல்லாமல் இருக்கலாம். உறக்கத்துக்கு என்று எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

15 ஜனவரி 2024

உங்கள் பதிலைப் படித்தேன். பகலெல்லாம் உறங்கினார், மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை, மருத்துவமனையில் சேர்த்து லாக்டுலோஸ் கொடுத்த பிறகு நேற்று உங்கள் மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஓர் இரவு தாமதித்துக் கேட்டதற்காக வருந்துகிறேன்.

என்ன நடந்தது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது மீண்டும் வரக்கூடியது. குடலில் உருவாகும் அம்மோனியா முதலான நச்சுப்பொருள்களை நலமான கல்லீரல் இரத்தத்திலிருந்து நீக்கிவிடும். இறுகிய கல்லீரலால் அது முடிவதில்லை. மேலும், இரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலைச் சுற்றிக்கொண்டு வேறு நாளங்கள் வழியே போய்விடுகிறது. நச்சு மூளையை எட்டும்போது முதலில் கெடுவது உறக்க ஒழுங்கு. இரவு விழிப்பு, பகல் உறக்கம், எரிச்சல், கையெழுத்துச் சிதைவு, குழப்பம், அதன் பின் சுயநினைவிழப்பு என்று அது படிப்படியாக வரும். மலச்சிக்கல், காய்ச்சலோ வேறு தொற்றோ, வயிற்றுக்குள் இரத்தக்கசிவு, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை அளவுக்கு மிஞ்சுதல், உறக்க மாத்திரை ஆகியவை இதைத் தூண்டும்.

லாக்டுலோஸ் மலமிளக்கிதான் என்றாலும், அது மலச்சிக்கலுக்காகக் கொடுக்கப்படும் மருந்து என்று மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்பினால், வயிறு சரியானதும் நிறுத்திவிடுவார். பலர் அப்படி நிறுத்திவிட்டுத்தான் மறுபடி வந்து சேர்ந்தார்கள். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளகிய மலம் போகும்படி அளவைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ள வேண்டும், மூளைத் தெளிவுக்கான மருந்து இது என்று அவர் வாயாலேயே சொல்லும்வரை சொல்லிக்கொடுங்கள். அதற்கு மேல் பேதியானால் அதுவும் தீங்கு. உடலில் நீர் வற்றி, உப்புச் சமநிலை குலைந்து, அதே குழப்பம் திரும்ப வரும்.

என் அண்ணன் காலையில் எழுந்ததும் ஒரு குறிப்பேட்டில் தேதியையும் தம் கையெழுத்தையும் எழுதுவார். அந்த ஏடு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் எந்த நாள்களில் கையெழுத்துக் கோணியதோ, அதற்கு மறுநாளோ மூன்றாம் நாளோ மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். யாரும் கேட்காமலே அவர் கண்ணாலேயே அதைக் கண்டுபிடித்தார். குழப்பம் வந்துபோன எவரும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

18 ஜனவரி 2024

ஒரு திருத்தம். எல்லோருக்கும் சிரோசிஸ் முன்பே இருக்கும் என்ற பொருள் வரும்படி 12ஆம் தேதி எழுதிவிட்டேனோ என்று வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். 'பெரும்பாலோருக்கு' என்றுதான் எழுதினேன். ஆனாலும் விதிவிலக்கைச் சொல்லியிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ், கல்லீரல் இறுகாதவருக்கும் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. அந்த வாசகரின் தந்தைக்கு நேர்ந்தது அதுதான். அவருக்குக் கல்லீரலின் மீதிப் பகுதி வலுவாக இருந்ததால் அறுவை சிகிச்சையே செய்ய முடிந்திருக்கிறது.

காரணம் எதுவென்று தெரிந்துகொள்வது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உதவும். ஹெபடைடிஸ் பி என்றால் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தைவான் 1984ஆம் ஆண்டிலேயே பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடத் தொடங்கி, குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோய் குறைவதைக் கண்ணெதிரே பார்த்தது. புற்றுநோய் யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றாது. வைரஸ்கூட இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும்தான் பரவும். சேர்ந்து உண்பதாலோ அணைத்துக்கொள்வதாலோ பரவாது. தட்டைத் தனியாக வைக்கப்பட்ட நோயாளிகளின் முகத்தை நான் மறந்ததில்லை. இந்த ஒரு செய்தியை நோயாளி இல்லாதபோதும் குடும்பத்தாருக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

ஹெபடைடிஸ் சி என்றால், 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு வைரஸை அறவே நீக்கிவிட முடிகிறது. அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய ஸ்கேனை நிறுத்திவிடுகிறார்கள். தழும்பேறிய கல்லீரல் அப்படியே இருப்பதால் கட்டி வரும் வாய்ப்பும் இருந்துகொண்டே இருக்கிறது.

கல்லீரல் நோய் என்றதும் 'குடித்திருப்பார்' என்று முடிவு கட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அண்ணன் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. நீரிழிவும் கல்லீரல் கொழுப்பும்தான் அவருக்குக் காரணம். ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும் 'எவ்வளவு குடிப்பீர்கள்?' என்ற கேள்விக்கு அவர் தலைகுனிந்து பதில் சொன்னார். குடித்ததனால் நோய் வந்தவருக்கும் அந்தத் தலைகுனிவு தேவையில்லை. குடியை நிறுத்தினால் கல்லீரலில் மிஞ்சிய வலு காப்பாற்றப்படும் என்ற பயனை எடுத்துச் சொல்லும்போது அவர்கள் கேட்கிறார்கள். குற்றம் சாட்டும்போது அடுத்த முறை வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

24 ஜனவரி 2024

வலி மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த இழையிலேயே அதிகக் கவனத்தோடு படிக்க வேண்டிய குறிப்பு இதுவாக இருக்கலாம்.

பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அது உண்மையும்கூட. அந்த அரைகுறைச் செய்தியை நம்பி, கல்லீரல் நோயாளிகள் பாரசிட்டமாலைத் தவிர்த்துவிட்டு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை விழுங்குகிறார்கள். இறுகிய கல்லீரல் உள்ளவருக்கு ஆபத்தானவை அந்த மாத்திரைகள்தான். அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன, வயிற்றில் நீர் கோர்ப்பதைக் கூட்டுகின்றன, இரைப்பையில் புண்ணை உண்டாக்குகின்றன. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இரத்தநாளங்கள் ஏற்கெனவே புடைத்திருக்கும் ஒருவருக்கு எந்த இரத்தக்கசிவும் உயிரோடு விளையாடுவதற்குச் சமம். மருத்துவர் குறித்துக்கொடுத்த குறைந்த அளவில் பாரசிட்டமால் எடுத்துக்கொள்வது இவர்களுக்குப் பாதுகாப்பானது.

அண்ணனுக்கு முழங்கால் வலி வந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். மருந்துக் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். 'பாரசிட்டமால் வேண்டாம், எனக்குக் கல்லீரல் நோய் இருக்கிறது' என்று அவரே சொல்லித்தான் வேறு மாத்திரையை வாங்கியிருக்கிறார். சிறுநீர் குறைந்து, கால் வீங்கி, சிறுநீரகம் தளர்ந்து, 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். 16 ஆண்டுகள் பிறருக்கு இதைச் சொன்ன நான், என் வீட்டில் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வலது தோள்பட்டை வலிப்பதாக எழுதியிருந்தீர்கள். கல்லீரலின் உட்பகுதிக்கு வலியுணர்வு இல்லை, அதைச் சுற்றியுள்ள உறைக்குத்தான் உண்டு. உறை இழுபடும்போதோ உதரவிதானம் உறுத்தப்படும்போதோ வலி தோளில் தெரியக்கூடும். தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிட வேண்டாம்.

25 ஜனவரி 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் பாரசிட்டமாலைத் தாராளமாகச் சாப்பிடலாம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. சிரோசிஸ் உள்ளவருக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கு. சளி, காய்ச்சலுக்கான கலவை மருந்துகள் பலவற்றில் பாரசிட்டமால் சேர்ந்தே இருக்கிறது என்பதால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உண்ணாமல் மெலிந்திருப்பவருக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் எல்லை இன்னும் குறையலாம் என்பதால், அவரவர் மருத்துவரிடம் கேட்டு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

6 பிப்ரவரி 2024

புரதத்தைப் பற்றி. மூளைக் குழப்பம் வந்தவருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் பயிற்சி பெற்ற காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதைப் பல குடும்பங்களுக்குச் சொன்னேன். அது தவறென்று பின்னர் தெளிவாகிவிட்டது. கல்லீரல் தளர்ந்த நிலையில் அம்மோனியாவைக் கையாளும் பணியில் ஒரு பங்கைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. புரதத்தைக் குறைத்தால் தசை கரைகிறது, தசை கரைந்தால் குழப்பம் கூடுகிறது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதே இப்போதைய அறிவுரை. நான் முன்பு தவறாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் அதனால் மெலிந்தார்கள் என்பதை நினைக்காத நாளில்லை.

இறுகிய கல்லீரலால் சர்க்கரையைப் போதிய அளவு சேமித்து வைக்க முடிவதில்லை. நலமானவரின் உடல் நெடுநேரப் பட்டினியில் செய்யும் வேலையை, அதாவது தசையைக் கரைத்து ஆற்றலாக்கும் வேலையை, இவருடைய உடல் ஒரே இரவில் செய்யத் தொடங்கிவிடுகிறது. எனவே உறங்குவதற்கு முன் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த சிறு உணவு வேண்டும். பகலிலும் நீண்ட இடைவெளி விடாமல், சிறுசிறு அளவாகப் பல வேளை உண்ண வேண்டும். சிப்பி வகைகளைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ அறவே உண்ணக் கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கல்லீரல் நோயாளியின் இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றில் நீர் கோர்த்தவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு என்பது எல்லை. இதைச் சொல்வதில் எனக்கு இரண்டாவது எண்ணமும் உண்டு. உப்பை முழுவதும் விலக்கி, சுவையே இல்லாத உணவை வைத்து, அவர் உண்ணாமலே எழுந்துவிடுவாரானால், நீரைத் தடுத்ததால் கிடைத்த நன்மையைவிடப் பட்டினியால் வந்த தீங்கு பெரிதாகிவிடும். அண்ணனுக்கு அது நடந்தது. அண்ணி கண்டிப்பாக இருந்தார், அண்ணன் தட்டைத் தள்ளினார். ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவர் வந்து எல்லையைச் சற்றே தளர்த்திய பிறகுதான் அவர் மறுபடி உண்டார்.

எடையைத் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் பாருங்கள். சில நாள்களிலேயே இரண்டு கிலோ கூடினால் அது நீர், சதை இல்லை. எடை மாறாமலே இருப்பதும் ஏமாற்றலாம். நீர் ஏறும் அளவுக்குத் தசை கரைந்துகொண்டிருந்தால் எண் அப்படியே நிற்கும், தோளும் தொடையும் மட்டும் வற்றியிருக்கும். வயிற்றில் நீர் இருப்பவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் அந்த நீரில் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். அதற்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. கறுத்த மலமும் இரத்த வாந்தியும் அப்படியே.

20 பிப்ரவரி 2024

கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் 'டேஸ்' சிகிச்சை அவருக்கு முடிவாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பே சொல்லிவைத்தால் பயப்படாமல் கடந்துவிடக்கூடிய சிகிச்சை அது. கல்லீரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்தே உணவு பெறுகிறது. ஆகவே தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் தமனிக் கிளையில் மருந்தைச் செலுத்தி அடைத்தால், கட்டி பட்டினி கிடக்கும், மீதிக் கல்லீரல் சிரை இரத்தத்தால் பிழைத்துக்கொள்ளும். இதை ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்து காட்டியபோது, பள்ளிக்கே போகாத ஒரு முதியவர் நான் சொல்லி முடிப்பதற்குள் மீதியைத் தாமே சொல்லிவிட்டார்.

சிகிச்சைக்குப் பிறகு சில நாள் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, குமட்டல், சோர்வு ஆகியவை வருவது எதிர்பார்க்கப்பட்டதே. காய்ச்சல் தணியாமல் ஏறிக்கொண்டே போனாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, குழப்பம் தோன்றினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். 'எதிர்பார்க்கப்பட்டது' என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே பொறுத்திருந்து, சீழ்க்கட்டியோடு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன்.

சதையை எடுத்துப் பரிசோதிக்காமலே புற்றுநோய் என்று எப்படிச் சொன்னார்கள் என்பது உங்கள் கணவரின் ஐயம். சிரோசிஸ் உள்ளவருக்கு, பல கட்டங்களாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், தமனிக் கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்து, பின்கட்டத்தில் சுற்றியுள்ள பகுதியைவிட மங்கிப்போனால், அதுவே போதிய சான்று. இரத்தப் பரிசோதனையில் கட்டிக்கு அடையாளமாகப் பார்க்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருந்த வேண்டாம். கட்டி இருந்தும் அந்த எண் கூடாதவர்கள் பலர்.

முழுக் கல்லீரலையும் மாற்றிவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நோய்களையும் ஒருசேர நீக்கும் சிகிச்சை அது ஒன்றுதான். ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்கு மிகாமலும், மூன்று கட்டிவரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாமலும், இரத்தநாளத்தில் பரவாமலும் இருக்க வேண்டும் என்று 1996இல் மிலான் நகரத்து மருத்துவர்கள் வகுத்த அளவுகோலே இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பல இடங்களில் அதைச் சற்று விரித்துப் பயன்படுத்துகிறார்கள். கட்டியைச் சுருக்கிய பிறகு தகுதி பெறுவோரும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கட்டியை மட்டும் வெட்டியெடுத்தவர்களில் பத்தில் ஏழு பேர்வரை ஐந்தாண்டுக்குள் மறுபடி கட்டி தோன்றுவதற்குக் காரணம், அதை வளர்த்த நிலம் உள்ளேயே இருப்பதுதான்.

11 மார்ச் 2024

மாத்திரை சிகிச்சையைப் பற்றி மூவர் கேட்டிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கல்லீரல் புற்றுநோய்க்கு சோராஃபெனிப் மாத்திரை 2007இல் ஏற்கப்பட்டது. அதைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, கொப்புளிக்கலாம். முதல் நாளிலிருந்தே யூரியா கலந்த களிம்பைத் தடவி, இறுக்கமான காலணியைத் தவிர்த்து, சிவந்ததுமே தெரிவித்தால் அளவைக் குறைத்துத் தொடர முடியும். பொறுத்துக்கொண்டு நடக்க முடியாத நிலைக்கு வருபவர்கள் மருந்தையே இழக்கிறார்கள்.

2020இல் வந்த அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் இணை மருந்தை ஊசிவழி ஏற்றுவார்கள். அதற்கு முன், உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி செய்வார்கள், ஏனென்றால் பெவாசிசுமாப் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது. அடெசோலிசுமாப் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் மருந்துகளால் வரும் பேதி, மூச்சிரைப்பு, தோல் தடிப்பு, தைராய்டு கோளாறு ஆகியவை மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் தோன்றலாம். வேறெந்த மருத்துவரிடம் போனாலும் அந்த மருந்தின் பெயர் எழுதிய தாளைக் காட்ட வேண்டும்.

2 ஏப்ரல் 2024

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். அவருக்குத் தெரியாமல், நமக்கு மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். 'போதாது' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிய நான், அதற்கு முன் செய்ததை உங்களுக்குச் சொல்லவில்லை.

அண்ணனுக்குக் கட்டி என்று தெரிந்த முதல் ஆறு வாரம் நானும் அண்ணியும் அவரிடம் மறைத்தோம். 'கொழுப்புக் கட்டி' என்றோம். அந்த யோசனை என்னுடையது. ஒரு நாள் கோப்பை அவரே எடுத்துப் படித்துவிட்டு, இரண்டு நாள் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார்: "முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாயே, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?" அந்த ஆறு வாரத்தில் அவர் இரண்டு முறை கறுத்த மலம் கழித்திருந்தார். அது எதைக் குறிக்கும் என்று தெரியாததால் எங்களிடம் சொல்லவே இல்லை.

அறிகுறிகளை முதலில் உணர்பவர் அவர்தான். மலத்தின் நிறத்தையும், இடுப்புத் துணி இறுகுவதையும், படித்த வரி மனத்தில் நிற்காததையும் நாம் வெளியிலிருந்து பார்க்க முடியாது. நோயின் பெயரை மறைத்தால் அதோடு சேர்த்து இவையெல்லாம் மறைந்துவிடுகின்றன.

எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லவா, இப்போதைக்குத் தேவையானதை மட்டும் சொல்லவா?' என்று கேட்டபின் பேசுவதே சரி. ஒரு சந்திப்பில் மூன்று செய்திக்கு மேல் நிற்பதில்லை. சொன்னபின் 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிந்தது' என்றே சொல்வார்கள். 'வீட்டுக்குப் போனதும் உங்கள் மனைவிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள், என்னிடம் சொல்லிக் காட்டுங்கள்' என்று கேட்டால், எங்கே என் விளக்கம் தவறியது என்று எனக்குத் தெரிந்துவிடும். அண்ணனுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய ஓராண்டில் நான் கையேட்டைக் கையில் கொடுப்பதை விட்டுவிட்டு, நோயாளி சொல்லச் சொல்ல அவர் சொற்களிலேயே ஒரே பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கம் மடிப்பு நைந்து திரும்பி வந்தது. கையேடுகள் அப்படி வந்ததில்லை.

வலியையும் சோர்வையும் தணிக்கும் பிரிவுக்கு அனுப்புகிறோம் என்று மருத்துவர் சொன்னதும் நீங்கள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். கட்டிக்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களையும் பார்ப்பது நல்லது. கைவிட்டதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுக்கு இரவில் அரிப்பு தணிந்ததும், உண்ணத் தொடங்கியதும் அவர்களைப் பார்த்த பிறகுதான். அதை இன்னும் முன்னரே செய்யாததே எங்கள் தவறு.

19 மே 2024

"இன்னும் எவ்வளவு நாள்?" என்று உங்கள் கணவர் கேட்டதாகவும், நீங்கள் அறையைவிட்டு எழுந்து போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுந்து போனதற்காக வருந்தாதீர்கள், ஆனால் திரும்பிப் போய் உட்காருங்கள். 'எதை நினைத்துக் கேட்கிறீர்கள்?' என்று கேளுங்கள். சிலர் மகளின் படிப்பு முடியும்வரை இருப்பேனா என்பதை அறியக் கேட்கிறார்கள், சிலர் கணக்குவழக்கை ஒப்படைக்கக் கேட்கிறார்கள், சிலர் வலியைப் பற்றியே கேட்கிறார்கள். எண்ணைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவரும் வாரங்களா, மாதங்களா, ஆண்டுகளா என்ற அளவில்தான் சொல்வார், இரண்டு நோய்களையும் வைத்துச் சொல்வார்.

அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் அறிய விரும்பியது முடிவு எப்படி வரும் என்பது. மருந்து வேலை செய்யாமல் போன மாதத்தில் ஒரு பிற்பகல் கேட்டார். கல்லீரல் முற்றிலும் தளரும்போது பெரும்பாலும் உறக்கம் கூடிக்கொண்டே போகும், விழித்திருக்கும் நேரம் குறையும், வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து இருக்கிறது, இரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே ஏற்பாடு செய்துவைப்பார்கள் என்று சொன்னேன். நான் சொன்னதை, நான் கேட்காமலே, தம் சொற்களில் எனக்குத் திரும்பச் சொன்னார். ஒரு வார்த்தையும் தவறவில்லை. பிறகு, "உன் அண்ணிக்கும் இதை நீயே சொல்லிவிடு. நான் உறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுவாள்" என்றார். அன்று மாலையே அண்ணியிடம் சொன்னேன்.